தையல் தெரிந்த கைகள் தனித்திருக்க வேண்டாம்

பழைய பிஸ்கட் டின் ஒன்று நம் வீடுகளில் பெரும்பாலும் இருக்கும். திறந்து பார்த்தால் உள்ளே பிஸ்கட் இருக்காது. ஊசி, நூல்கண்டு, உடைந்த சாக்குக்கட்டி, ஒற்றைப் பொத்தான்கள், நைந்துபோன அளவு நாடா இவைதான் இருக்கும். அவற்றுக்கு அடியில் பாதியில் நின்ற வேலை ஒன்றும் கிடக்கும். பேத்திக்கென வெட்டிய பாவாடையாக இருக்கலாம்; ஒரு மூலையில் மட்டும் பூ விழுந்த தலையணை உறையாக இருக்கலாம். அதைத் தொடங்கியவருக்குத் தையல் நன்றாகவே தெரியும். உட்கார்ந்து தைக்கத்தான் துணை இல்லை.

பட்டர்வொர்த், பாகான் டாலாம், மாக் மண்டின், பிறை வட்டாரங்களில் வாழும் நம் பெண்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஐந்தாறு தோழிகள் ஊசி நூலோடு கூடி அமர்ந்தால் என்ன நடக்கும்? அதை எப்படித் தொடங்குவது? எது அதைக் கெடுக்கும்? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லயத்து வாசலில் இருந்த வழக்கம்

செபராங் பிறைக்கு நம் முன்னோர்களில் பலர் 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய வந்தார்கள். பிறகு ரப்பர் வந்தது. அதன் பின் செம்பனை வந்தது. பயிர் மாறினாலும் லயத்து வாழ்க்கை அதிகம் மாறவில்லை. பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பெண்கள், சமையல் முடிந்த பிற்பகலில் வாசலில் அமர்வார்கள். ஒருவர் கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவார். ஒருவர் ரவிக்கைக்குக் கொக்கி வைப்பார். தையல் மெஷின் இருப்பது அந்த வரிசையில் ஒரு வீட்டில் என்றால், அந்த வீட்டு அக்காவிடம்தான் எல்லாரும் போவார்கள். அந்த மெஷினும் பெரும்பாலும் மாதத் தவணையில் வாங்கியதுதான். சிங்கர் நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டிலேயே தவணை முறையைக் கொண்டுவந்து, உலகெங்கும் ஏழைக் குடும்பங்களுக்குள் தையல் இயந்திரத்தைக் கொண்டு சேர்த்தது.

அங்கே யாரும் வகுப்பு நடத்தவில்லை. சின்னப் பெண்கள் பக்கத்தில் அமர்ந்து பார்த்தே கற்றுக்கொண்டார்கள். முதலில் நூல் கோத்துக் கொடுப்பது, பிறகு பொத்தான் வைப்பது, பிறகு ஓரம் மடித்துத் தைப்பது என்று படிப்படியாக வேலை கை மாறியது. தவறினால் பிரித்துக் கொடுக்க பெரியம்மா ஒருவர் இருந்தார். பேச்சும் சிரிப்பும் வருத்தமும் அந்த வேலையோடு சேர்ந்தே நடந்தன.

1970-களில் இருந்து பிறையிலும் மாக் மண்டினிலும் தொழிற்சாலைகள் பெருகின. தோட்டங்கள் கை மாறின; துண்டாடப்பட்டன. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. தையல் மெஷின் ஐந்தாவது மாடிக்கு ஏறி வந்தது. அந்த வாசல் மட்டும் வரவில்லை. பிள்ளைகள் வேலைக்கும் பள்ளிக்கும் போன பின் கதவை அடைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் அம்மாக்கள் நம்மிடையே எத்தனை பேர்? அவர்கள் கையில் உள்ள தொழில் அவர்களோடு நின்றுவிடும் நிலை இன்று இருக்கிறது. அவர்களின் தனிமையும் அதே அளவுக்குக் கவலை தருவது.

சிட்டிலிங்கியில் மீண்ட கைவேலை

இப்படி நின்றுபோகவிருந்த ஒரு கைவேலை, பெண்கள் கூடி அமர்ந்ததால் மீண்ட கதை ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. தருமபுரி மாவட்டத்தில் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு சிட்டிலிங்கி. அங்கு வாழும் லம்பாடி மக்களின் பெண்கள் ஒரு காலத்தில் தங்கள் உடைகளைத் தாங்களே எம்பிராய்டரி செய்து அணிந்தார்கள். காலப்போக்கில் அந்த உடை வழக்கொழிந்தது. அதோடு தையலும் மறைந்தது. வயதான பெண்கள் சிலருக்கே அந்தத் தையல் வகைகள் நினைவில் இருந்தன.

அங்கே பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை நடத்தி வரும் மருத்துவர் தம்பதியரான ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் இதைக் கவனித்தார்கள். லலிதாவின் ஊக்கத்தில், 2000-களின் நடுப்பகுதியில், தையல் தெரிந்த மூத்த பெண்களோடு இளம்பெண்கள் சிலர் அமரத் தொடங்கினார்கள். அந்தச் சிறு கூட்டம் வளர்ந்து ‘போர்கை’ என்ற கைவினைஞர் சங்கமானது. லம்பாடி மொழியில் அதற்குப் பெருமிதம் என்று பொருள். இன்று அவர்கள் செய்யும் துணிகளும் பைகளும் உறைகளும் பெருநகரங்களில் விற்பனையாகின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது விற்பனையை மட்டுமல்ல. தையல் தெரிந்த பாட்டியும், கற்க நினைத்த இளம்பெண்ணும் ஒரே ஊரில்தான் இருந்தார்கள். இருவரும் ஒரே பாயில் உட்கார ஒரு காரணமும் ஒரு நேரமும் கிடைத்தபோதுதான் கைவேலை கை மாறியது. பட்டர்வொர்த்திலும் அந்தப் பாட்டிகள் இருக்கிறார்கள்.

சாங்கி சிறையில் ஒரு பூந்தோட்டம்

கூடித் தைப்பது மனத்துக்கு என்ன தரும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. ஜப்பானியர் காலம் நம் குடும்பங்களுக்கு மறக்க முடியாத காலம். சயாம் மரண ரயில் பாதைக்கு ஆண்களைப் பறிகொடுத்த தோட்டங்கள் எத்தனையோ. துணித் தட்டுப்பாட்டில் சாக்கைக் கூட உடுத்த நேர்ந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம்.

அதே 1942-ஆம் ஆண்டில், சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஐரோப்பியப் பெண்களும் பிள்ளைகளும் அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். அங்கே எலிசபெத் என்னிஸ் என்பவர் சிறுமிகளைச் சேர்த்துப் பெண் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். எட்டு வயது முதல் பதினாறு வயது வரையிலான ஏறத்தாழ இருபது சிறுமிகள் அதில் இருந்தார்கள். தங்களுக்காக இவ்வளவு செய்கிறவருக்குப் பிறந்தநாள் பரிசு தர அவர்கள் விரும்பினார்கள். கிடைத்த துணித் துண்டுகளை அறுகோணமாக வெட்டி, அவருக்குத் தெரியாமல், பூக்கள் நிறைந்த ஒட்டுப் போர்வை ஒன்றைத் தைக்கத் தொடங்கினார்கள். அந்தப் போர்வை இன்று லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

சிறுமிகளின் வேலையைப் பார்த்த எத்தல் மல்வனி என்ற கனடா நாட்டுப் பெண்மணி, சிறையிலிருந்த மற்ற பெண்களையும் அதுபோல் தைக்கத் தூண்டினார். ஆளுக்கு ஒரு சதுரத் துணி. அதில் தன் பெயரையும் மனத்தில் உள்ளதையும் எம்பிராய்டரியாகத் தைக்க வேண்டும். அப்படி 66 சதுரங்கள் கொண்ட போர்வைகள் மூன்று உருவாயின. வேறு முகாமில் கைதியாக இருந்த கணவன்மார்களுக்குத் தாங்கள் உயிரோடிருக்கும் செய்தி அவற்றின் வழியே போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம். அம்மூன்றில் இரண்டு ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலும் ஒன்று பிரிட்டனிலும் பாதுகாக்கப்படுகின்றன.

பசியிலும் பயத்திலும் இருந்தவர்கள் ஏன் ஊசியை எடுத்தார்கள்? கையில் ஒரு வேலை, பக்கத்தில் ஓர் ஆள், முடிக்க வேண்டும் என்ற ஓர் எண்ணம். இம்மூன்றும் சேர்ந்தால் மனிதரால் பல நாட்களைத் தாண்ட முடிகிறது.

ஆய்வுகள் சொல்வது

அண்மைக் கால ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. 2013-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், பின்னல் வேலை செய்யும் 3,545 பேரிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. அடிக்கடி பின்னுகிறவர்கள் மன அமைதியையும் மகிழ்ச்சியையும் கூடுதலாக உணர்வதாகச் சொன்னார்கள். குழுவாகச் சேர்ந்து பின்னுகிறவர்களிடம் மகிழ்ச்சியும் மற்றவர்களோடு உள்ள உறவும் மேம்பட்டிருந்தன. 2024-இல் இங்கிலாந்தின் ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகம், 7,182 பேரின் பதில்களை ஆராய்ந்து இன்னொரு முடிவை வெளியிட்டது. கைவினையிலும் கலையிலும் ஈடுபடுகிறவர்கள் தங்கள் வாழ்க்கை பயனுள்ளது என்று கூடுதலாக உணர்கிறார்கள் என்பதே அது.

தையல் மருந்துக்கு மாற்று அல்ல. கடுமையான மனச்சோர்வு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வாரம் ஒரு முறை நம்மை எதிர்பார்த்து நான்கு பேர் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணம், வீட்டை விட்டு வெளியே வர ஒரு காரணமாகிறது.

எப்படித் தொடங்குவது

ஐந்து அல்லது ஆறு பேர் போதும். இருபது பேர் சேர்ந்தால் அது கூட்டம் ஆகிவிடும். தலைவர், செயலாளர் என்ற பேச்சு வந்துவிடும். ஒரே கட்டடத்தில் அல்லது ஒரே தாமானில் உள்ளவர்களாக இருந்தால் போக்குவரத்துத் தொல்லை இல்லை. ஆலய மண்டபம், குடியிருப்பாளர் சங்க அறை, ருக்குன் தெத்தாங்கா கட்டடம் இவற்றில் ஒன்றை அனுமதி கேட்டுப் பயன்படுத்தலாம். வீடுகளில் முறை வைத்துக் கூடுவதாக இருந்தால், தேநீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பலகாரம் செய்யத் தொடங்கினால் அடுத்த முறை யார் வீட்டில் என்பதே சுமையாகிவிடும்.

நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை என்றால் வெளிச்சமும் நன்றாக இருக்கும். நாற்பதைத் தாண்டிய பலருக்கு ஊசியில் நூல் கோப்பதே பெரும்பாடு. அகலக் காது உள்ள ஊசியும், நூல் கோக்க உதவும் சிறு கம்பியும் விலை குறைந்தவை. ஆளுக்கு ஒன்று வாங்கிவிடலாம். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நின்று கழுத்தையும் தோளையும் அசைக்க வேண்டும்.

விரலுறை அணிவது நல்லது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. நம் இனத்தில் அது இன்னும் கூடுதல். ஊசி குத்திய சிறு காயம்தானே என்று நீரிழிவு உள்ளவர்கள் விட்டுவிடக் கூடாது. வரும்போது எத்தனை ஊசி, போகும்போது எத்தனை ஊசி என்று எண்ணி எடுத்து வையுங்கள். குழந்தைகள் ஓடும் இடம் அது.

புதிதாகக் கற்க விரும்புவோருக்கு, சமூக மேம்பாட்டுத் துறையான கெமாஸ் தையல் வகுப்புகள் நடத்துகிறது. அடிப்படையை அங்கே கற்று, பழக்கத்தைத் தோழிகளோடு வளர்த்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: ஆறு இதழ்ப் பூ

முதல் வேலை சிறியதாகவும் எல்லாரும் பங்கு பெறுவதாகவும் இருக்க வேண்டும். சாங்கி சிறுமிகள் தைத்த அறுகோணப் பூ அதற்கு ஏற்றது. நடுவில் ஒரு துண்டு, சுற்றிலும் ஆறு துண்டுகள். ஆறு தோழிகள் ஆளுக்கு ஓர் இதழ் தைத்தால் பூ முடிந்துவிடும். மெஷின் தேவையில்லை.

பிள்ளைகளின் கணிதப் பெட்டியில் உள்ள கவராயத்தை இரண்டு அங்குலத்துக்கு விரித்துத் தடித்த தாளில் ஒரு வட்டம் போடுங்கள். அதே அளவை மாற்றாமல் வட்டத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். அவற்றை நேர்க்கோட்டால் இணைத்தால் அறுகோணம். இந்த அச்சை வைத்து ஏழு தாள்கள் வெட்டிக்கொள்ளுங்கள்.

துணிக்குக் கடைக்குப் போக வேண்டாம். பழைய பருத்திச் சேலை, கைலி, பாத்தேக் சட்டை எதுவும் ஆகும். சரிகை உள்ள பட்டு வேண்டாம்; வழுக்கும், மடிப்பு நிற்காது. முதலில் துணியைத் துவைத்து, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். தாளை விடக் கால் அங்குலம் கூடுதலாகத் துணியை வெட்டி, ஓரங்களைத் தாளின் மேல் மடித்து, நூலோட்டமாகப் பெரிய தையல் போடுங்கள். இரண்டு அறுகோணங்களின் நல்ல பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, ஓரத்தோடு ஓரமாக நெருக்கமாகத் தையுங்கள். ஏழும் சேர்ந்த பின் பெரிய தையலைப் பிரித்துத் தாளை உருவிவிடலாம். ஏறத்தாழ பத்து அங்குல அகலத்தில் ஒரு பூ கிடைக்கும். அதைத் திண்டு உறையின் மேல் வைத்துத் தைத்தால் முதல் வேலை முடிந்தது.

பாட்டியின் சேலை ஓர் இதழ், பேரனை ஆட்டிய தூளித் துணி ஓர் இதழ் என்று தைக்கும்போது, அந்தத் துணிகளைப் பற்றிய பேச்சு தானாக வரும். அந்தப் பேச்சுக்காகவே பலர் மறுவாரமும் வருவார்கள்.

கை பழகிய பின் சங்கிலித் தையல், முடிச்சுத் தையல், சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது, ஆரி வேலைப்பாடு என்று முன்னேறலாம். ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்கும் வாரமாக ஒவ்வொரு மாதமும் ஒரு வாரத்தை ஒதுக்கலாம்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை பெர்ரி ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போய் வரலாம். துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான். லெபோ பாசாரிலும் லெபோ பினாங்கிலும் துணிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. அருகிலேயே லெபோ கெரெஜாவில் உள்ள பினாங்கு பெரானாக்கான் மாளிகையில் ஞோஞா பெண்களின் கெபாயா உடையையும் மணி கோத்த காலணிகளையும் பார்க்கலாம். கெபாயா 2024 டிசம்பரில் மலேசியா உட்பட ஐந்து நாடுகளின் பொது மரபாக யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. வீட்டில் அமர்ந்து பெண்கள் போட்ட தையல்தான் இன்று ஒரு நாட்டின் பெருமையாகக் காட்சிக்கு இருக்கிறது. அதைப் பார்க்கும்போது நம் கைவேலையின் மீதும் நமக்கு மதிப்பு வரும்.

எது கெடுக்கும்?

இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் மூன்று காரணங்களால் கலைகின்றன.

முதலாவது, குறை சொல்வது. “இது என்ன கோணலாக இருக்கிறது” என்ற ஒரு சொல் போதும், புதிதாக வந்தவர் மறுவாரம் வரமாட்டார். கேட்டால் ஒழியத் திருத்தம் சொல்லக் கூடாது. அடுத்தவர் தையலை அவர் கேட்காமல் பிரிக்கவே கூடாது. பாராட்டும்போது பொதுவாக “நன்றாக இருக்கிறது” என்பதை விட, “இந்த ஓரத்தை எப்படி இவ்வளவு ஒரே சீராக மடித்தீர்கள் அக்கா?” என்று கேட்பது மேல். அதில் அவர் உழைப்பு மதிக்கப்படுகிறது. நமக்கும் ஒன்று தெரிய வருகிறது. குடும்பக் கவலையை ஒருவர் மனம் விட்டுச் சொன்னால், அது அந்தப் பாயோடு நிற்க வேண்டும்.

இரண்டாவது, பணம். நான்கு பெண்கள் நம்பிக்கையோடு கூடும் இடத்தில் ‘கூட்டு’ கட்டலாமா என்ற பேச்சு எளிதில் வரும். 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டத்தின்படி கூட்டு நடத்துவது இந்நாட்டில் குற்றம். நம் தமிழ்ச் சொல்லே அச்சட்டத்தின் பெயரில் இடம்பெறும் அளவுக்கு அந்த வழக்கம் பரவி, பலரை ஏமாற்றியிருக்கிறது. கடன் கொடுக்கல் வாங்கல், நகைச் சீட்டு, நேரடி விற்பனைப் பொருள் எதுவும் தையல் நாளில் வேண்டாம் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நூல், ஊசி வாங்க ஆளுக்கு இரண்டு மூன்று வெள்ளி சேர்ப்பதாக இருந்தால், செலவை ஒரு நோட்டில் எழுதி எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள்.

மூன்றாவது, இலவச உழைப்பு. குழுவில் ஒருவர் ரவிக்கை தைத்துப் பிழைப்பவராக இருப்பார். “நம்ம அக்காதானே” என்று தீபாவளிக்கு முன் ஆறு ரவிக்கைத் துணிகளை நீட்டினால் அவரால் மறுக்க முடியாது. அவர் வருமானம் போகும். தோழி என்பதாலேயே அவருக்கு முழுக் கூலி கொடுக்க வேண்டும். அவர் மற்றவரிடம் வாங்கும் விலையைக் குறைத்துக் கேட்பதும் சரியல்ல. அதே போல், பொழுதுபோக்காகத் தைக்கும் நாம் வெளியே மிகக் குறைந்த விலைக்கு வேலை எடுத்தால், தையலை நம்பி வாழும் பெண்ணின் வயிற்றில் அடித்ததாகும். விற்க விரும்பினால், போட்ட நேரத்துக்கும் விலை வைத்து விற்கலாம்.

அடுத்த கைக்கு

பள்ளி விடுமுறையில் பேத்திகளையும் பேரன்களையும் அழைத்து வாருங்கள். பையன்களுக்கும் பொத்தான் வைக்கத் தெரிய வேண்டும். தைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். நூல் கோத்துத் தரச் சொன்னால் போதும். அவர்கள் கண் நன்றாகத் தெரியும். நமக்கும் வேலை எளிது. கைப்பேசியில் ஆரி வேலைப்பாட்டுக் காட்சிகளைத் தேடி எடுத்துக் காட்டுவதும் அவர்களாகவே இருக்கலாம். கொடுப்பதற்கு இரு தரப்பிலும் ஒன்று இருக்கும்போது உறவு நிலைக்கிறது.

உங்கள் கட்டடத்தில் தையல் தெரிந்த ஒருவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் போய் ஏதேனும் ஒன்றைக் கற்றுத் தரும்படி கேளுங்கள். இன்னும் இருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த வாரமும் அதே நாளில் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். டின்னுக்குள் கிடக்கும் அந்தப் பாதிப் பாவாடையைப் பேத்தி போடும் வயதிலேயே முடித்துவிடலாம்.